வாங்கிய மொய்யை யாரிடம் திருப்புவது?

சென்ற ஆண்டின் இறுதியில் ஒருநாள், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவிலுள்ள எங்கள் சமூகப் பணி அறைக்கு ஒரு தந்தை வந்தார். அவருடைய மகள் இங்கே ஓராண்டுக்கு மேல் சிகிச்சை பெற்று, பலனின்றி மறைந்தவள். குழந்தையை இழந்தபின் மருத்துவமனைக்குத் திரும்ப வருவது பெற்றோருக்கு எளிதன்று. வாயில்வரை வந்து, எதிரிலுள்ள தேநீர்க் கடையில் சிறிது நேரம் நின்றுவிட்டு, உள்ளே வராமலே ஊருக்குத் திரும்பியவர்களை நாங்கள் அறிவோம். இவர் உள்ளே வந்து அமர்ந்தார். பையிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நோட்டில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரும் தொகையும் எழுதப்பட்டிருந்தன. திருமண வீட்டு மொய் நோட்டைப் போலவே கோடு கிழித்து, எண்ணிட்டு எழுதிய கணக்கு. மகளின் சிகிச்சைக்காக ஊரார் கொடுத்த பணம் அது. ஐயாயிரம் கொடுத்த அரிசி ஆலைக்காரரும் அதில் இருந்தார். இருபது ரூபாய் கொடுத்த மூதாட்டியும் இருந்தார். செலவு போக ஒரு தொகை மிஞ்சியிருந்தது. "மொய்யென்றால் அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிடலாம். இதை யாரிடம் திருப்புவது?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மகளின் பெயரால் கொடுக்க இயலுமா, கொடுத்தால் அந்தப் பணம் என்ன செய்யும் என்றும் கேட்டார்.

முதல் கேள்விக்கு அன்று எங்களிடம் விடையில்லை. இரண்டாவது கேள்விக்கு ஓரளவேனும் விடை கூற முயன்றோம். அவருடைய இசைவைப் பெற்று, அடையாளங்களை நீக்கி, அன்று பேசியவற்றையும் பின்னர்த் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

இவ்விதழைக் காத்திருப்பு இருக்கையில், மடியில் குழந்தையோடு படிப்பவர்கள் பலர். அவர்கள் கண்ணில் படும் பக்கத்தில் இழப்பைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. மனம் இடங்கொடுக்காதவர்கள் இப்பக்கங்களை இன்று கடந்துவிடலாம், தவறேதுமில்லை. ஆயினும், இன்று இப்பிரிவில் குணமடைந்து வீடு திரும்பும் குழந்தைகளுக்கும், தம் குழந்தையை இழந்தபின் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணம் திரட்டிய பெற்றோருக்கும் உள்ள உறவு மெய்யானது. அதை எழுதாமல் விடுவது சரியன்று என்றே முடிவு செய்தோம்.

இத்தகைய முயற்சிகளுள் பலரும் அறிந்தது, அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஸ்காட் என்னும் சிறுமியின் பெயரால் நடப்பது. அலெக்ஸ் என்றழைக்கப்பட்ட அவள் 1996 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தாள். முதல் பிறந்தநாளுக்குச் சற்று முன்னர் அவளுக்கு நியூரோபிளாஸ்டோமா இருப்பது கண்டறியப்பட்டது. நரம்பணுக்களாக முதிர வேண்டிய இளம் அணுக்களில் தோன்றும் இப்புற்றுநோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்குவது. எங்கள் பிரிவின் பெற்றோர் சிலருக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. நான்காம் பிறந்தநாளுக்கு மறுநாள் அலெக்ஸுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை அளிக்கப்பட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் எலுமிச்சைச் சாறு விற்கப்போவதாக அப்போது தாயிடம் சொன்னாள். வரும் பணத்தை மருத்துவர்களிடம் கொடுத்தால், தனக்கு உதவியதுபோல மற்றக் குழந்தைகளுக்கும் அவர்கள் உதவுவார்கள் என்பது அவள் கணக்கு.

கோடை விடுமுறையில் சிறுவர்கள் வீட்டு வாசலில் மேசையிட்டு எலுமிச்சைச் சாறு விற்பது அந்நாட்டில் வழக்கம். 2000-ஆம் ஆண்டு ஜூலையில், அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளும் ஒரு மேசையிட்டாள். அந்த முதல் முயற்சியிலேயே 2,000 டாலர் சேர்ந்தது. சாற்றின் விலைக்கு அவ்வளவு சேராது; வந்தவர்கள் விலையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. மறு ஆண்டு, சிகிச்சையின் பொருட்டுக் குடும்பம் பிலடெல்பியா நகருக்கு அருகே குடிபெயர்ந்தது. நோய் கூடியும் குறைந்தும் இருந்த காலம் முழுதும் ஆண்டுதோறும் மேசை போடப்பட்டது. 2004 ஜூனில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அவள் பெயரால் சாறு விற்றார்கள். திரண்ட தொகை பத்து லட்சம் டாலரைக் கடந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள் அலெக்ஸ் மறைந்தாள். வயது எட்டு.

இதில் ஒன்று எளிதில் மறக்கப்படுகிறது. அம்முயற்சி ஒரு குழந்தையின் நினைவாகத் தொடங்கப்பட்டதன்று. உயிரோடிருந்த குழந்தை தானே தொடங்கியது. நினைவாக ஆனது பின்னரே. பெற்றோர் 2005-இல் அதை முறையான அறக்கட்டளையாக அமைத்தார்கள். இதுவரை 25 கோடி டாலருக்கும் மேல் திரட்டிக் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வழங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதே எங்களிடம் வந்த தந்தையின் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காண்போம்.

சில குடும்பங்களில் நியூரோபிளாஸ்டோமா ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதுண்டு. அக்குடும்பங்களில் என்ன கோளாறு வழிவழியாக வருகிறது என்பது நெடுங்காலம் தெரியாமலிருந்தது. 2008-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வுக் குழு, ஏ.எல்.கே. என்னும் மரபணுவில் நேரும் மாற்றமே பெரும்பாலான அக்குடும்பங்களில் காரணம் என்று கண்டறிந்தது. அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தவற்றுள் அலெக்ஸின் அறக்கட்டளையும் ஒன்று. அதே மரபணுவின் கோளாறு வளர்ந்தோரின் நுரையீரல் புற்றுநோய் சிலவற்றிலும், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயிலும் முன்னரே அறியப்பட்டிருந்தது. நுரையீரல் நோயாளிகளுக்காகக் கிரிசோடினிப் என்னும் மாத்திரை ஆய்விலிருந்தது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் வழி இவ்வாறு திறந்தது.

முடிவு எவரும் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. 2013-இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், நியூரோபிளாஸ்டோமா உள்ள குழந்தைகளில் சிலருக்கே பலன் தெரிந்தது. ஆனால் ஏ.எல்.கே. கோளாறுடைய நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கட்டிகள் கரைந்தன. அந்நோய் மீண்டும் வந்த குழந்தைகளுக்கு இம்மாத்திரையைத் தர அமெரிக்க அரசு 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. நியூரோபிளாஸ்டோமாவுக்கு வேறொரு மருந்து தேவைப்பட்டது. லோர்லாடினிப் என்னும் பிந்தைய மருந்து நம்பிக்கை தரும் பலனைக் காட்டியதாக 2023-இல் ஆய்வறிக்கை வந்தது. (இம்மருந்துகள் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவன அல்ல. குறிப்பிட்ட மரபணுச் சோதனைக்குப் பிறகே முடிவெடுக்கப்படுவன. பெயரைக் குறித்துக்கொண்டு கவலையோடு எங்களிடம் ஓடிவருவதற்கு முன், உங்கள் மருத்துவரிடம் அமைதியாகக் கேளுங்கள்.)

ஆக, ஒரு நோயால் இறந்த சிறுமியின் பெயரில் சேர்ந்த பணத்தின் துணையோடு நடந்த ஆய்வு, முதலில் கரைசேர்த்தது வேறொரு நோயுடைய குழந்தைகளை. அதற்கும் அவள் இறந்து பல ஆண்டுகள் ஆயின. இதை அத்தந்தையிடம் மறைக்காமல் சொன்னோம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் கொடுத்தவர் நினைத்த இடத்துக்கே போய்ச் சேரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அப்படி உறுதி கூறிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பழைய வரலாறும் இதையே காட்டுகிறது. 1944-இல் நியூயார்க்கில் ராபர்ட் ரோஸ்லர் டி வில்லியர்ஸ் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தென்று ஒன்றுமில்லை. 1949-இல் பெற்றோர் அவன் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதுவே பின்னர் லுக்கேமியா, லிம்போமா சங்கமாக வளர்ந்து அமெரிக்கா முழுதும் பரவியது. இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ நகரின் ஈஸ்ட்வுட் குடும்பத்தார், ஆறு வயது மகள் சூசனை அதே நோய்க்குப் பறிகொடுத்தபின் 1960-இல் தம் ஊரில் பணம் திரட்டத் தொடங்கினார்கள். அச்சிறு முயற்சி, பெயர்கள் பல மாறி, இன்று பிளட் கேன்சர் யு.கே. என்னும் அமைப்பாக நிற்கிறது.

இவ்விரு குடும்பங்களும் தொடங்கிய காலத்தில் என்ன நிலைமை என்பதை இன்றைய பெற்றோர் அறிவது பயன்தரும். 1948-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், லுக்கேமியா கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் தணிந்ததை வெளியிட்டார். தணிவு நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆயினும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்றுதான் முதன்முறை தெரிந்தது. அம்மருந்தைத் தயாரித்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டை எங்கள் பிரிவின் தாய்மார் நன்கறிவார்கள். வாரம் ஒருநாள் மறவாமல் கொடுக்கச் சொல்லி நாங்கள் நச்சரிக்கும் மாத்திரை அதுதான்.

அடுத்து வந்தது வின்கிரிஸ்டின். நம் தோட்டங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் தானாகவே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இச்செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஊர்ப்புறத்தில் பெயருண்டு. அதனாலேயே அதை வீட்டில் வைக்கத் தயங்குவோர் இருக்கிறார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் விலக்க முடியாத மருந்து அது. இவ்வாறு மருந்தோடு மருந்து சேர்த்து, அளவை மாற்றி, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் பொறுமையாக ஒப்பிட்டு அறிந்ததன் பயனாக, 1960-களில் பத்தில் ஒரு குழந்தை பிழைத்த கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவில், வளர்ந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இதை எந்த ஒரு குடும்பத்தின் பணமும் தனியாகச் சாதிக்கவில்லை. அரசுப் பணமே பெரும்பங்கு. ஆனால் முடிவு தெரியாத புதிய கேள்விகளுக்கு அரசு நிதி தயங்கும். அவ்விடத்தில் சிறு அறக்கட்டளைகளின் பணம் முதலில் போய் நின்றிருக்கிறது.

ஃபார்பரின் கதையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. 1948 மே மாதம் அவருடைய மருத்துவமனையிலிருந்து ஒரு சிறுவனின் குரல் அமெரிக்கா முழுதும் வானொலியில் ஒலிபரப்பானது. அவன் அடையாளத்தைக் காக்க "ஜிம்மி" என்று பெயர் சூட்டினார்கள். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பணம் வந்து குவிந்தது. அவன் பெயரிலான நிதி இன்றும் நடக்கிறது. ஆண்டுகள் பல சென்றபின், ஜிம்மி இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1998-இல், எய்னார் குஸ்டாஃப்சன் என்னும் லாரி ஓட்டுநர் தாமே அந்த ஜிம்மி என்று வெளிப்பட்டார். குணமாகி, மணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார். மறைந்த குழந்தையின் நினைவாக என்று எண்ணிக் கொடுத்தவர்களின் பணத்தை அறிந்தோ அறியாமலோ ஒரு வாழும் மனிதர் ஐம்பது ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இக்கதையைச் சொன்னபோது அத்தந்தை முதன்முறையாகச் சிரித்தார்.

இனி நம் நாட்டின் நிலை. வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே குணமடைகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இடையிலுள்ள வேறுபாட்டுக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாதது காரணமன்று. காலம் தாழ்த்திக் கண்டறிதல், தவறாகக் கண்டறிதல், சிகிச்சையை இடையில் கைவிடுதல், சிகிச்சையின்போது வரும் தொற்று ஆகியவையே காரணங்கள். எனவே நம்மிடையே ஆராய்ச்சி என்பது புதிய மருந்தைத் தேடுவதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கீமோதெரபியின்போது இங்குள்ள குழந்தைகளுக்கு எந்தக் கிருமியால் காய்ச்சல் வருகிறது, எடை குறைந்த குழந்தைக்கு மருந்தின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும், எந்த வாரத்தில் குடும்பங்கள் சிகிச்சையை விட்டுப் போகின்றன, ஏன் போகின்றன என்பனவும் ஆராய்ச்சிக் கேள்விகளே. இவற்றுக்கான விடையைப் பிலடெல்பியாவிலிருந்து யாரும் அனுப்பித் தரமாட்டார்கள். எங்கள் சொந்தக் கருத்தைக் கேட்டால், சிறு தொகை பெரும்பயன் தரக்கூடிய இடம் இதுவே என்போம்.

நினைவின் பெயரால் கட்டப்பட்டவை நம்மிடமும் உண்டு. 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1920-களில் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர். தங்கையின் மறைவுக்கும் மருத்துவமனையின் திறப்புக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இழந்த சில வாரங்களிலேயே ஏதேனும் செய்துவிட வேண்டும் என்று துடிக்கும் பெற்றோரிடம் இந்த முப்பது ஆண்டுகளை நாங்கள் நினைவூட்டுவதுண்டு. நாற்பதாம் நாள் காரியத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய செயலன்று இது.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். சிகிச்சைக்கென்று பிறர் கொடுத்த பணம் மிஞ்சினால், அதை வேறு நோக்கத்துக்குத் திருப்புமுன் கொடுத்தவர்களிடம் தெரிவிப்பதே முறை. எல்லோரையும் தேடிப்போக இயலாவிடினும், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சொல்லிவிடலாம். எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், அசலைச் செலவிடுவார்களா, வைப்பு நிதியாக வைத்து வட்டியை மட்டும் செலவிடுவார்களா, ஆண்டுக் கணக்கை யாரிடம் காட்டுவார்கள் என்று கேளுங்கள். இரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். குழந்தையின் படத்தைப் போட்டுப் பணம் கேட்பதில் எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. முடி உதிர்ந்து, மூக்கில் குழாயோடு இருக்கும் படம் அதிகப் பணம் தரும் என்று யோசனை சொல்வோர் இருக்கிறார்கள். அப்படத்தை வீட்டிலுள்ள அக்காவோ தம்பியோ பள்ளித் தோழர்களின் கைப்பேசியில் காண நேரும். அவர்களிடம் முதலில் கேளுங்கள். அலெக்ஸின் முதல் மேசையில் அவளோடு நின்றவன் அவள் அண்ணன்தான். ஆனால் எல்லா உடன்பிறந்தாரும் மேசையில் நிற்க விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது.

கொடுக்க மனமில்லாதவர்களும், கொடுக்க ஏதுமில்லாதவர்களும் பெரும்பான்மையினர். சிகிச்சையால் கடனில் மூழ்கிய குடும்பம் முதலில் கடனைத்தான் தீர்க்க வேண்டும். குழந்தையின் பெயரில் எதுவும் செய்யவில்லையே என்று எங்களிடம் வந்து அழுத ஒரு தாயிடம், மருத்துவர்கள் கேட்டபோதெல்லாம் ஆய்வுக்கு இரத்த மாதிரி கொடுக்க அவர் இசைந்து கையொப்பமிட்டதை எடுத்துக் காட்டினோம். அந்த மாதிரிகள் இன்னும் எங்கள் ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில், பெயருக்குப் பதில் ஓர் எண்ணோடு இருக்கின்றன.

நோட்டோடு வந்த தந்தை ஒரு மாத அவகாசம் கேட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பென்சிலால் ஒரு குறி இருந்தது. பலர் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டார்களாம். சிலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். இருபது ரூபாய் கொடுத்த மூதாட்டி மட்டும், ஆராய்ச்சி எல்லாம் தனக்குத் தெரியாது, தன் பணத்தில் அங்குள்ள குழந்தைக்கு ஒருவேளை இட்லி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அவ்வாறே பிரித்தோம். சிறுபகுதி குழந்தைகளின் உணவு நிதிக்குச் சென்றது. மீதியைச் சிகிச்சைக்கால நோய்த்தொற்று பற்றி எங்கள் பிரிவில் நடக்கும் ஆய்வுக் கணக்கில் வரவு வைத்தோம்.

இரசீதில் கொடுத்தவர் பெயராக அவருடைய பெயரை எழுதியிருந்தோம். அதை ஏற்கவில்லை. மகளின் பெயரையும், அதையடுத்து "மற்றும் ஊரார்" என்றும் எழுதித் தரச் சொன்னார். வேறு இரசீது போட்டுக் கொடுத்தோம். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பங்குனியில் கோயில் கணக்கு வாசிக்கும் அன்று இதையும் சேர்த்து வாசித்துவிடுவதாகச் சொல்லி, ஐந்து மணிப் பேருந்துக்குப் புறப்பட்டார்.